முதல் மாடியும் மூன்றாவது மாடியும்

ஜனவரி 5, ஞாயிறு

சரி என்று சொல்லிவிட்டேன். நாற்பத்திரண்டு வயதில், கையில் அரைக் கிலோ சின்ன வெங்காயத்தோடு, மாடிப்படியில் நின்றுகொண்டு சொன்னேன்.

நான் ஏறிக்கொண்டிருந்தேன், அவர் இறங்கிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் நின்று, "டீச்சர், போன வாரம் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே" என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி" என்று வந்துவிட்டது.

"சரின்னா?"

"சரின்னா சரிதான் சார்."

கீழே போக வந்தவர் திரும்பவும் மேலே ஏறிப் போய்விட்டார். எதற்கு இறங்கினோம் என்பதே மறந்துவிட்டதாம்.

எழுபது வயதில் இந்த நோட்டை எடுத்துப் படித்தால் யார் யார் என்று தெரிய வேண்டும், அதனால் முறையாக எழுதி வைக்கிறேன். நான் உலகம்மாள், பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். இந்தக் கட்டடத்தின் முதல் மாடி வீடு என்னுடையது. பத்து வருஷம் வங்கிக் கடனைக் கட்டி முடித்து வாங்கியது. அப்பா இறந்துவிட்டார், நானும் அம்மாவும் இருக்கிறோம். மூன்றாவது மாடி வீடு தாணுமூர்த்தி சாருடையது, அவரும் சொந்த உழைப்பில் வாங்கியது. நாற்பத்தாறு வயது. முருகன்குறிச்சியில் கண்ணாடிக் கடை. அப்பா அம்மா இல்லை, நாகர்கோவிலில் ஒரே ஒரு அக்கா.

ஆறு மாதம் முன்பு செய்தித்தாள் எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிய, அவர் கடைக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிவிட்டு, "நல்லாருக்கு டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு மூன்று முறை கண்ணாடியைத் தொலைத்தேன். தொலைத்ததாகத்தான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 6, திங்கள்

மைதானத்தில் காரணமில்லாமல் விசில் ஊதிவிட்டேன். ஏழாம் வகுப்பு முழுவதும் ஓட ஆரம்பித்துவிட்டது. நிறுத்த மனசு வரவில்லை.

ஜனவரி 8, புதன்

அம்மாவிடம் சொன்னேன். என் வாயில் ஒரு கை சீனியைப் போட்டுவிட்டு, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவுகளுக்கும் சொந்த வீடுதானளா?"

"ஆமாம்மா. மூணாவது மாடி."

"அப்பம் சரி" என்றாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். கல்யாண வீடு என்றால் பரணிலிருந்துதான் தொடங்க வேண்டுமாம். மூட்டுவலிக்காரி செய்கிற வேலையா இது. நான் ஏறுகிறேன் என்றால் கேட்கவில்லை.

சாரை இனி எப்படிக் கூப்பிடுவது என்று மாலை முழுவதும் யோசித்தேன். "ஏங்க" என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது. சார் சாராகவே இருக்கட்டும்.

ஜனவரி 11, சனி

சாரின் அக்கா பகவதி வந்து பூ வைத்துவிட்டுப் போனார். பிப்ரவரி 10 முகூர்த்தம்.

சார் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பாதிப் பேச்சைக் கவனிக்கவில்லை. அக்கா எங்கள் வீட்டை அறை அறையாகச் சுற்றிப் பார்த்தார். குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார்.

"கேட்டியா மக்ளே, தாலி ஏறியாச்சுன்னா ரெண்டு வீடும் ஒரே வீடுதான். நீங்க ரெண்டு பேரும் மேல இருந்துக்குவீங்க. அத்தானுக்கு ஏப்ரல்ல ரிட்டயர்மென்ட். நாங்க இதுக்கு வந்துருவோம். தம்பி பக்கத்துலயே இருந்த மாதிரியும் ஆச்சு."

"அக்கா, அது டீச்சர் வீடு" என்றார் சார்.

"பொண்டாட்டி வீடுன்னா அது உனக்க வீடு இல்லாம யாருக்க வீடுலே?" என்று கேட்டுவிட்டு, அம்மா பக்கம் திரும்பினார். "மகளைக் கட்டிக் குடுத்த எடத்துல தாயாரு இருந்து கை நனைக்கதும் மொறை இல்ல, இல்லியா அத்தே?"

"அது எப்படி இருக்க முடியும்?" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கேசரி நன்றாக வந்திருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அம்மா குக்கரில் பொங்கல் வைத்தாள். வெண்கலப் பானை எங்கே என்று கேட்டேன். ஈயம் பூசக் கொடுத்திருக்கிறதாம். பண்டிகை நாளிலா கொடுப்பார்கள் என்று திட்டிவிட்டு, ஒரு தூக்கில் பொங்கலை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனேன். இருபத்துநான்கு படி. மூச்சு வாங்கவில்லை. ஆனால் வாங்கியது போல வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜனவரி 18, சனி

மெர்சி டீச்சர் என் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள், என் ஒரே தோழி. அவள் வீட்டுக்காரர் ஞானராஜ் வக்கீல். பகவதி அக்கா சொன்னதை மெர்சியிடம் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

"கல்யாணத்தால உங்க வீடு யாருக்கும் போகாது டீச்சர்" என்றார் வக்கீல். "நீங்க வாங்கினது உங்களுது, அவர் வாங்கினது அவருது. விக்கவோ வாடகைக்கு விடவோ நீங்கதான் கையெழுத்துப் போடணும். அவர்ட்ட கேக்கணும்னு சட்டம் இல்ல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து கும்பிட்டேன். கிளம்பப் போனேன்.

"உக்காருங்க, இன்னும் முடியல. இது நீங்க உயிரோட இருக்கிற வரைக்கும். இன்னைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உயில் எழுதாட்டியும், வீடு அம்மாவுக்குப் போகும். தாலி ஏறின மறுநிமிஷம் வரிசை மாறிடும். பிள்ளைங்க இருந்தா அவங்களும் புருஷனும். இல்லன்னா புருஷன் மட்டும். அவரும் இல்லன்னா அவரோட வாரிசுங்க. அதுக்கும் பிறகுதான் உங்க அம்மா."

"அவரோட வாரிசுன்னா?"

"அந்த அக்காதான்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பத்து வருஷம் ஒரு நல்ல சேலை வாங்காமல் கடன் கட்டிய வீடு. என் அம்மா எனக்கு ஐந்தாம் இடமா, ஆறாம் இடமா? பள்ளி ஓட்டப் பந்தயத்தில்கூட மூன்றாம் இடம் வரைக்கும் கப் கொடுக்கிறோம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சாரிடமும் சொல்லவில்லை. சாகப் போகிறவள் மாதிரி பேசினால் கல்யாணக் களை போய்விடும்.

ஜனவரி 21, செவ்வாய்

இட்லிப் பானையையும் காணவில்லை. மூன்று நாளாகத் தோசைதான். அம்மாவுக்கு இப்போதெல்லாம் தோசைதான் பிடிக்கிறதாம். எனக்கும் பிடிக்கும். கல்யாணச் சேலை அரக்கு நிறத்தில் எடுத்தாகிவிட்டது.

ஜனவரி 24, வெள்ளி

இன்று ஒன்று நடந்தது. எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்தேன். சார் கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனது.

"என்ன சார் அது?"

"லென்ஸ்."

லென்ஸ் பெட்டியைச் சேலைக் கரையைக் கிழித்துக் கட்ட மாட்டார்கள். பச்சைக் கரை, எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பகவதி அக்காவின் சேலையாகத்தான் இருக்க வேண்டும். ஏப்ரலில் குடி வருகிறவர்கள் ஜனவரியிலேயே சாமான் இறக்க ஆரம்பித்துவிட்டார்களா? "டீச்சர் வீடு" என்று அன்றைக்கு அக்காவிடம் சொன்னதெல்லாம் எனக்காகப் போட்ட நாடகமா?

வணக்கம் சொல்லிவிட்டு ஏறி வந்துவிட்டேன். வணக்கம் என்று நான் அவரிடம் சொல்லி ஆறு மாதம் ஆகிறது.

ஜனவரி 25, சனி

பேசவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம், அணிவகுப்பு. என் பிள்ளைகளுக்கு முதல் பரிசு. சார் மைதான வேலிக்கு வெளியே நின்று கை தட்டினார். பார்க்காதது போல இருந்தேன். எத்தனை முறை தட்டினார் என்று மட்டும் தெரியும்.

ஜனவரி 29, புதன்

வயிற்றில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மாலை கடைக்கே போனேன். ஆள் யாரும் இல்லை. கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, வக்கீல் சொன்னது அத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னேன். "நான் செத்தா என் வீடு உங்களுக்கு. உங்களுக்குப் பிறகு உங்க அக்காவுக்கு. எங்க அம்மா தெருவுல நிக்கணும். இது தெரிஞ்சுதான் கேட்டீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "எனக்கு இது தெரியாது டீச்சர். நான் செத்தா என் வீடு யாருக்கு?"

"எனக்குத்தான்."

"முழுசுமா?"

"முழுசும்."

"அது சரியாத்தான இருக்கு. உங்க பக்கம்தான் தப்பா இருக்கு. உயில் எழுதிருங்க. உங்களுக்குப் பிறகு வீடு அத்தைக்குன்னு எழுதுங்க. சாட்சி ரெண்டு பேரு வேணும்லா, ஒரு ஆளு நான்."

"உங்களுக்கு ஒண்ணும் கெடையாதுன்னு எழுதுற காயிதத்துல நீங்களே சாட்சியா?"

"வேற யாரு போட்டாலும் பிறகு எங்க அக்கா சண்டைக்கு வருவா. நான் போட்டா வர முடியாது."

அந்த நாற்காலியை அவர் காலால் ஏற்றி இறக்குகிற பெடல் ஒன்று உண்டு. நான் அழுதுகொண்டிருக்கிறேன், இவர் பதற்றத்தில் அதை மிதித்துவிட்டார். மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டே அழுதேன். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெட்டியைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 1, சனி

ஞானராஜ் வக்கீல் வீட்டில் உயில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கல்யாணத்தால் இது ரத்தாகாதே என்று மூன்று முறை கேட்டுக்கொண்டேன். இந்துக்களுக்கு ஆகாது என்றார் அவரும் மூன்று முறை. முதல் சாட்சி மெர்சி. இரண்டாம் சாட்சி மாப்பிள்ளை. மாப்பிள்ளை போட்ட கையெழுத்து எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. "இந்த மாதிரிக் கல்யாணம் என் சர்வீஸ்லயே பாத்ததில்ல" என்றார் வக்கீல். மெர்சி அதிரசம் கொடுத்தாள். நான் நான்கு தின்றேன்.

பிப்ரவரி 5, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுத இரண்டு பக்கம் போதாது.

மாலை நான் வந்தபோது அம்மா போனில் கத்திக்கொண்டிருந்தாள். அம்பாசமுத்திரத்தில் இருக்கிற தன் தம்பியிடம், அதாவது என் மாமாவிடம். "ஒரு பெட்டி கூடவா வரலை? அஞ்சு பெட்டிடா. இட்லிப் பானை, வெண்கலப் பானை, என் சேலை, எல்லாம். பஸ்ல போட்டாச்சுன்னு அவுகதான் சொன்னாவ." என்னைப் பார்த்ததும் போனை வைத்தாள். விறுவிறுவென்று படியேறினாள். முதல் மாடியைத் தாண்டி அம்மா ஏறியதே கிடையாது. மூட்டுவலியெல்லாம் எங்கே போனதோ. நான் பின்னாலேயே ஓடினேன்.

சார் கதவைத் திறந்தார். உள்ளே அம்மாவின் ஐந்து பெட்டியும் சுவரோரம் வரிசையாக இருந்தன. ஐந்திலும் பச்சைக் கரை. நான் பார்த்த கரை அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைக் கரை.

"பஸ்ல போடச் சொல்லித்தான தம்பி உங்ககிட்ட குடுத்தேன்? உலகுட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம்கூட வாங்கினேனே?"

"டீச்சர்ட்ட சொல்லலியே அத்தை."

"ஏன் அனுப்பல?"

"அனுப்பிட்டா பின்னாலயே நீங்களும் போயிருவீங்கல்லா."

அம்மா ஒரு பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ, மறுவீடு முடிந்ததும் மாமா காரில் போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறாள். ஒரு மாதமாக, என் மூக்குக்குக் கீழேயே, அடுப்படியை ஒவ்வொன்றாகக் கட்டியிருக்கிறாள். நான் தோசை தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

"மாப்பிள்ளை வந்து போற வீடு மாப்பிள்ளை வீடுதான். அங்க உக்காந்து நான் கை நனைச்சா ஊரு என்ன சொல்லும்? அந்த அக்கா சொன்னதுல என்ன தப்பு?"

நான் கீழே ஓடிப்போய் பத்திரத்தையும் உயிலையும் எடுத்துவந்து அம்மா மடியில் வைத்தேன். "வாசிச்சுப் பாரு. இது யாரு வீடு? சங்கரநாராயணன் மகள் உலகம்மாள். தாலி ஏறினாலும் இதுல ஒரு எழுத்து மாறாது. வக்கீலே சொல்லிட்டாரு. இது உம் மக வீடு. எனக்குப் பிறகு உன் வீடு. சார் சாட்சிக் கையெழுத்தே போட்டிருக்காரு."

அம்மா உயிலைத் தொடவில்லை. "எனக்கு முந்தி நீ போவன்னு எழுதி வச்சிருக்கியாக்கும்" என்று தூரத் தள்ளினாள். பத்திரத்தில் அப்பா பெயர் இருந்த இடத்தை மட்டும் விரலால் தடவினாள். "அவுக பேரு நல்லா அச்சாகியிருக்கு" என்றாள்.

"அப்போ போகலதானே?"

"பெட்டியெல்லாம் கீழ கொண்டு வைங்க" என்று எழுந்துபோனாள். அது பதிலா என்று சாரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேருமாகச் சுமந்து இறக்கினோம். நான்காவது பெட்டியை இறக்கும்போது படியில் யாரும் இல்லை. அதற்கு மேல் எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பெட்டிகளை அம்மா பிரிக்கவில்லை. வாசல் பக்கமாக அடுக்கி வைத்திருக்கிறாள்.

பகவதி அக்காவிடம் சார் போனில் பேசினார். "அக்கா, அந்த வீடு எனக்கது இல்ல, இனியும் ஆவாது. நீங்க வாரதுன்னா நம்ம தெருவுலயே ஒரு நல்ல வீடு பாத்துத் தாரேன்." தண்ணி வசதி உள்ள வீடாப் பார் என்றாராம் அக்கா.

பிப்ரவரி 10, திங்கள்

கல்யாணம் ஆகிவிட்டது. தாலி கட்டும்போது என் கண்ணாடியில் அவர் விரல் பட்டு மூக்கில் இறங்கிவிட்டது. மூன்றாவது முடிச்சை அக்காவிடம் விட்டுவிட்டு அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். ஐயர் முறைத்தார். என் மாணவிகள் பின் வரிசையிலிருந்து விசில் அடித்தார்கள். என் பயிற்சிதான்.

பிறகு வலது காலை வைத்து மூன்றாவது மாடிக்குள் போனேன். விளக்கேற்றினேன். பகவதி அக்கா என் கன்னத்தைத் தடவி, "வீடு வெளிச்சமாயிருச்சு மக்ளே" என்றார். அந்த அக்காவைப் பற்றி முன்பக்கங்களில் எழுதியதில் பாதியை அடிக்க வேண்டும்.

பெண்ணின் அம்மா இன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு வரக் கூடாதாம். அம்மா கீழேயே இருந்தாள். இரண்டு மாடிதான் தூரம்.

பிப்ரவரி 12, புதன்

மறுவீடு. ஊர்விட்டு ஊர் வண்டி கட்டிக்கொண்டு போவார்கள், நாங்கள் இருபத்துநான்கு படி இறங்கிப் போனோம். அம்மா ஆரத்தி எடுத்தாள். சொதி, மாங்காய்ப் பச்சடி, பால் பாயசம். சார் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. நானும் உளறிக்கொண்டே இருந்தேன், மூன்று நாளாக அப்படித்தான் இருக்கிறேன்.

சாப்பாடு முடிந்ததும் மாமா எழுந்து சட்டையை உதறினார். "கெளம்புவோமாக்கா? பெட்டியெல்லாம் டிக்கில ஏத்தட்டா?"

"ஏத்து. பாத்திரத்தைக் கழுவிட்டு வாரேன்" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

நான் கொதித்துப்போய் உள்ளே போனேன். விரலை மடக்கிச் சொன்னேன். பத்திரத்தைக் காட்டினேனா இல்லையா. வக்கீல் சொன்னதைச் சொன்னேனா இல்லையா. உயில் எழுதினேனா இல்லையா. அக்காகூட ஒத்துக்கொண்டுவிட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும் உனக்கு, எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன்.

அம்மா குழாயை மூடினாள். என் பக்கம் திரும்பவில்லை.

"எல்லாஞ் சொன்ன. வக்கீல் என்ன சொன்னாரு, பத்திரம் என்ன சொல்லுது, சட்டம் என்ன சொல்லுது. ஒரு மாசமா ஊரெல்லாம் கேட்ட. நீ இரும்மான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாளா?" கொஞ்ச நேரம் கையில் இருந்த தட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்குப் போவ மனசே இல்ல."

சொல்லியிருப்பேன் என்றுதான் நினைத்தேன். இப்போது எழுத உட்கார்ந்ததும் இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டேன். கேசரி எப்படி வந்தது என்று எழுதியிருக்கிறேன். சட்டைப் பொத்தானை எழுதியிருக்கிறேன். அதை மட்டும் எங்கேயும் எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லவில்லை.

"இரும்மா" என்றேன். இன்னொரு முறை சொன்னேன்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள், அதே முந்தானையால் என் முகத்தையும் துடைத்தாள். பிறகு கூடத்துக்குப் போய், ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற மாமாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்:

"அதை எறக்கி வைடா தம்பி. நான் வரலை. எம் மக என்னை இருக்கச் சொல்லுதா."